விளக்கம் பெறப்படவில்லை

ஜனவரி 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம், என் முட்டி மட்டும் சுகமில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் எந்த முட்டிதான் பொறுக்கும்? நீ, மாப்பிள்ளை, பாப்பா மூவரும் சௌக்கியமா? உன் தலைவலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "ம், ம்" என்றே சமாளித்துவிடுவாய். அதனால்தான் தாளை எடுத்தேன்.

எங்கள் பாலர் பள்ளியில் இந்த வருடம் முப்பத்து நான்கு பிள்ளைகள். ஒரே அறை, நானும் ஆயாவும். தையல் ஆலைக்குப் போகும் தாய்மார்கள் காலை ஏழரைக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கூரைத் தகடு மூன்று இடத்தில் ஒழுகுகிறது. மழை பிடித்தால் பாய்களை இழுத்துக்கொண்டு முப்பத்தாறு பேரும் மூலைக்கு மூலை ஊர்வலம் போகிறோம். இரண்டாவது அறை கேட்டு அனுப்பிய விண்ணப்பம் உங்கள் நிதிப்பிரிவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. தங்கச்சி அங்கே இருக்கிறாள் என்று சலுகை கேட்கவில்லை. கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று மட்டும் பார்த்துச் சொல்.

இன்னொரு விஷயம். மூன்றரை வயதுப் பெண் ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். பால் வேண்டுமா என்றால் தலையாட்டுவாள். வீட்டுக்குப் போகிறாயா என்றாலும் தலையாட்டுவாள். ஆயா வைத்த "தலையாட்டி" என்ற பெயரே நிலைத்துவிட்டது. ஒரு சொல் பேசியதில்லை. "வெக்கப்படுறா டீச்சர், அவங்கப்பா மாதிரி" என்கிறாள் அம்மாக்காரி. எனக்கு மனம் ஒப்பவில்லை. நேற்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒரு தட்டை ஓங்கித் தட்டினேன். அறையே திரும்பிப் பார்த்தது. அவள் பாட்டுக்கு வண்ணக்குச்சியால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

நம் துறையின் காது பரிசோதனைக் குழு ஜூனில் இந்தப் பக்கம் வருகிறதாம். பட்டியலில் அவள் பெயரைத்தான் முதலில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பாப்பாவுக்குப் பெரியம்மாவின் முத்தங்கள். பதில் எழுது.

அக்கா


பிப்ரவரி 5

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகத்திலேயே பிரித்தேன். "ஊர்வலம்" என்ற இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். இங்கே எல்லோரும் நலம். தலைவலி மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது. நீ முட்டிக்கு மருந்து தடவுகிறாயா, இல்லை வழக்கம்போல் "போகட்டும்" என்று விட்டுவிட்டாயா?

கோப்பைப் பார்த்தேன். இந்த ஆண்டு புதிய அறைக்கு யாருக்கும் ஒப்புதல் இல்லை. வேறொன்று வருகிறது, அதற்கு நீ தயாராக இரு. எல்லாப் பாலர் பள்ளிகளிலும் ஒரே ஒரு நாள் ஆள் வந்து பிள்ளைகளை எண்ணுவார். பதினைந்துக்குக் குறைந்தால் பக்கத்து மையத்தோடு இணைத்துவிடுவார்கள். உனக்கு முப்பத்து நான்கு. நீ பயப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் பாப்பாவுக்கு இடம் தேடி அலைகிறோம். தனியார் பள்ளி நமக்கு எட்டாது. எங்கள் தெருவிலுள்ள அரசு மையத்தில் ஒரு அறைக்கு எழுபது பிள்ளைகள். உள்ளே ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருந்தது. வாசலோடு திரும்பிவிட்டேன். எங்கள் தலைமையகத்தின் பின்கட்டில் மாதிரிப் பாலர் பள்ளி ஒன்று இருக்கிறது. மொத்தம் இருபது இடம். அதிகாரிகளின் பேரப்பிள்ளைகளுக்கே பற்றவில்லை, என்னைப் போன்ற கடைசி மேசைக்கு எங்கே?

தலையாட்டியைப் பற்றி எழுது. பாப்பாவின் அப்பா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் தங்கை


பிப்ரவரி 27

அன்புள்ள தங்கச்சிக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? எனக்கு உடம்பு தேவலை. மனசுதான் சரியில்லை.

நீ சொன்ன ஆள் செவ்வாய்க்கிழமை வந்தார். அன்றைக்குப் பார்த்தா வரவேண்டும்! இரண்டு வாரமாக இங்கே அம்மை. காய்ச்சலோ கொப்பளமோ இருக்கும் பிள்ளைகளை அனுப்பாதீர்கள் என்று நானே வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தேன். அறையில் இருந்தது பதினோரு பேர்.

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நிலைப்படியில் நின்றே எண்ணினார்.

"சார், வருகைப் பதிவேட்டைப் பாருங்க. போன மாசம் முப்பதுக்குக் கீழ ஒரு நாள்கூட இல்ல."

"தலையை எண்ணத்தான் உத்தரவு டீச்சர். பதிவேட்டுல யாரு வேணா என்ன வேணா எழுதலாம்."

"பிள்ளைங்களுக்கு அம்மை. வாங்க, நாலு வீடு தள்ளித்தான். படுத்திருக்கிற பிள்ளைங்கள நான் காட்டுறேன்."

"எனக்கு அம்மை போட்டா யாரு பாப்பாங்க?" என்று சிரித்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கே விளக்கக் கடிதம் எழுதினேன். சுகாதார நிலையத்து நர்ஸ், அம்மை கண்ட இருபத்து மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தாள். இரண்டையும் பதிவுத் தபாலில் உங்கள் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன். அது வந்து, கோப்பில் சேர்ந்ததா என்று மட்டும் பார்த்துவிடு. வேறெதுவும் உன்னைக் கேட்கவில்லை.

தலையாட்டிக்கு அம்மை வரவில்லை. ஆயா தரையில் காலை உதைத்தால் திரும்பிப் பார்க்கிறாள். சத்தத்துக்கு இல்லை, தரை அதிர்வதற்கு. இப்போது நாங்கள் அவளைக் கூப்பிடுவதே அப்படித்தான். ஆயாவின் குதிகால் வீங்கிவிட்டது.

உடனே எழுது.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட வரச் சொல்லிவிட்டார்கள். அம்மை இறங்கிவிட்டதா? நீ சின்ன வயதில் ஒரு தடவை பட்டுவிட்டாய், உனக்குத் திரும்ப வராது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நல்ல செய்தி. பாப்பாவுக்குப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. போய் ஒரு வாரம் ஆகிறது. அவள் உயரத்துக்கே கை கழுவும் தொட்டி! தானே குழாயைத் திருப்பிக் கழுவிவிட்டு எல்லோருக்கும் கையைக் காட்டுகிறாள். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள், இரண்டு ஆயாக்கள். மத்தியானம் தூங்கத் தனி அறை. முதல் வாரமே டாக்டர் வந்து எல்லோருக்கும் கண், காது, பல் பார்த்தார். காதில் ஏதோ மாட்டி, சத்தம் கேட்டால் கட்டையைக் கூடையில் போடச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவுக்கும் அதே பரிசோதனை நடத்தினாள்.

உன் விஷயம் நினைவில் இருக்கிறது. கவலைப்படாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மே 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். பாப்பா பள்ளிக்குப் போவதை ஆயாவிடம் வாசித்துக் காட்டினேன். தொட்டியின் உயரத்தைக் கையால் அளந்து காட்டச் சொன்னாள். எந்தப் பள்ளி என்று நீ எழுதவில்லையே? போன மாதம் அதைக் கேட்டு ஒரு அட்டை போட்டேன். வந்து சேரவில்லை போலிருக்கிறது.

நேற்று எங்களுக்கு உத்தரவு வந்துவிட்டது. ஜூன் முதல் தேதியிலிருந்து இந்தப் பள்ளி இல்லை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், நாலு கிலோமீட்டரில் இருக்கும் மையத்தோடு இணைப்பு. பிள்ளைகளுக்கு வேன் வருமாம். எனக்கும் அங்கேதான் வேலை. ஆயாவுக்கு எங்கும் இல்லை. பதினான்கு வருடம் இங்கே பிள்ளைகளின் மூக்கைச் சிந்தித் துடைத்தவள். உத்தரவை நான் வாசித்து முடித்ததும், "அப்ப பாயெல்லாம் யாரு தொவைக்கிறது?" என்று கேட்டாள். வேறொன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் தாய்மார்களிடம் சொன்னேன். ஒருத்தி கத்தினாள், ஒருத்தி என்னைத் திட்டினாள். தலையாட்டியின் அம்மா மட்டும் என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "ஜூன்ல காது பாக்க வருவாங்கன்னீங்களே டீச்சர், அது இருக்கா?" என்றாள். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

உத்தரவின் மூன்றாவது பத்தியை அப்படியே எழுதுகிறேன். "ஆய்வு நாளன்று வருகை பதினொன்று. மையத்திடமிருந்து விளக்கம் எதுவும் பெறப்படவில்லை."

பதிவுத் தபாலின் ஒப்புகைச் சீட்டு என்னிடம் இருக்கிறது. மார்ச் நான்காம் தேதி உங்கள் பிரிவின் முத்திரை அதில் விழுந்திருக்கிறது. அந்த வாரம் நீ விடுப்பில் இருந்தாயா? உனக்குத் தலைவலி கடுமையாக இருந்திருக்கும்.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உத்தரவைப் பற்றி அறிந்து மிகவும் வருந்தினேன். ஒரு கோப்பு எங்கள் அலுவலகத்தில் பத்துக் கை மாறும். தபால் எங்கே தவறியதோ, இப்போது கண்டுபிடிக்க முடியாது. மேல்முறையீடு செய்தால் ஒரு வருடம் இழுக்கும்.

தலைநகருக்கே மாற்றல் கேட்டு விண்ணப்பம் போடு, என்னால் ஆனதைச் செய்கிறேன். எங்களோடு இருந்துவிடலாம். பிள்ளைகளுக்குப் படப் புத்தகங்கள் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். மருந்து தடவு.

தங்கை


ஜூன் 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். அங்கே உங்கள் எல்லோருடைய ஆரோக்கியமும் எப்படி? பெட்டி வந்தது. புத்தகங்களைப் புது மையத்தில் வைத்தேன். அறுபத்து மூன்று பிள்ளைகள், ஒரு பெட்டி. முதல் நாளே பாதி கிழிந்துவிட்டது. பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன்.

வேன் வரவில்லை. "டெண்டர் போட்டிருக்கு" என்கிறார்கள். முதல் வாரம் நானே பதினைந்து பிள்ளைகளைக் கயிறு பிடித்துக்கொண்டு வரச்சொல்லி நடத்திக்கொண்டு போனேன். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது ஒரு லாரி உரசுகிற மாதிரி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். மறுநாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். இப்போதும் ஐந்துதான்.

மற்றவர்கள் எங்கே என்று ஞாயிற்றுக்கிழமை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். நாலு பேர் அம்மாவோடு ஆலைக்குப் போய்த் தையல் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏழெட்டுப் பேரை ஆறு வயது, ஏழு வயது அக்காமார்கள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். மிச்சம் வீட்டுக்குள்.

"உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போறேன் டீச்சர்" என்றாள் தலையாட்டியின் அம்மா. "அழமாட்டா. ரொட்டியும் தண்ணியும் வெச்சிட்டுப் போறேன். நெருப்புப் பெட்டிய மட்டும் என்கூட எடுத்துட்டுப் போயிருவேன்."

காது பரிசோதனைக் குழு வந்தது. அவள் பெயர் பட்டியலில் இல்லை. எங்கள் மையத்தின் எண்ணை நீக்கியபோது பட்டியலும் சேர்ந்து போய்விட்டதாம். புது மையத்தின் வழியாகத் திரும்ப எழுதினால் அடுத்த ஜூன்.

அடுத்த ஜூனில் அவளுக்கு ஐந்து வயது ஆகியிருக்கும். நான் காத்திருப்பதாக இல்லை. அவளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தலைநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா? மூன்று பேரும் கூடத்திலேயே படுத்துக்கொள்வோம்.

அக்கா


ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வருவதற்கு என்னிடம் கேட்க வேண்டுமா? ஆனால் இந்த மாதம் மாமனார், மாமியார் இங்கே தங்கியிருக்கிறார்கள். பாப்பாவுக்கும் சளி. அலுவலகத்தில் தணிக்கை வேறு. அடுத்த மாதக் கடைசியில் வந்தால் நானே ஆஸ்பத்திரிக்குக் கூட வருவேன். தப்பாக நினைக்காதே.

தங்கை


ஆகஸ்ட் 17

தங்கச்சிக்கு,

பாப்பாவின் சளி குணமாகியிருக்கும்.

உன்னிடம் சொல்லாமல் தலைநகருக்கு வந்துவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு நாள் தங்கினோம். அங்கே நிறையப் பேர் அப்படித்தான் தங்குகிறார்கள். இரண்டு காதும் மிகக் குறைவு என்று டாக்டர் சொன்னார். அந்த அம்மா, "கருவி போட்டா பேசிருவாளா?" என்று கேட்டாள். "சீக்கிரம் போடணும்மா. இன்னும் முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். நல்ல மனிதர். திட்டவில்லை, ஆனால் கண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

பாலர் பள்ளியில் பதிவான பிள்ளைக்குக் கருவியைத் துறையே இலவசமாகத் தரும். அதற்கு அவளுடைய பதிவு எண் வேண்டும். எங்கள் மையத்தின் எண்கள் நீக்கப்பட்டுவிட்டதால் உங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். அன்று நீ இல்லை. பாப்பாவின் பள்ளியில் ஏதோ விழா, முன்பகல் அங்கே போயிருப்பதாகப் பக்கத்து மேசைக்காரர் சொன்னார். "இதோ, நம்ம பின்கட்டுலதான். கூப்பிடவாம்மா?" என்றார். வேண்டாம் என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பிள்ளைகளின் ஊஞ்சல் தெரிந்தது.

பதிவு எண் தேட அவர் எங்கள் கோப்பை எடுத்துப் பிரித்தார். நான் அனுப்பிய கடிதமும் நர்ஸ் கொடுத்த பட்டியலும் உள்ளேதான் இருந்தன. மேலே குறிப்புத்தாள். உன் கையெழுத்து மாறவே இல்லை. "ப"வை இன்னும் பெட்டி மாதிரிதான் போடுகிறாய்.

பதிவு எண்ணை நீதான் எழுதித் தரவேண்டுமாம். மனுவை உன் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா


அக்டோபர் 30

அக்கா,

எட்டுத் தடவை எழுதிக் கிழித்தேன். சௌக்கியமா என்று கேட்க வாய் வரவில்லை.

மார்ச் நான்காம் தேதி உன் கடிதத்தைப் பிரித்தவள் நான்தான். இணை இயக்குநர் அறைக்கு எடுத்துப் போனேன். அன்றைக்கு அவர் மேசையில் இணைப்புப் பட்டியல் இருந்தது. முப்பது மையங்கள் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிட்டார், இருபத்தொன்பதுதான் தேறியிருந்தது. பட்டியலுக்குப் பக்கத்தில் பாப்பாவின் விண்ணப்பம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால்தான் மாதிரிப் பள்ளியில் இடம். ஒரு மாதமாக அதற்காக அவர் அறை வாசலில் நின்றிருக்கிறேன்.

"சார், இந்த மையத்துக்கு விளக்கம் வந்திருக்கு" என்றேன்.

அவர் தலையைத் தூக்காமல், "வந்திருக்கா? எனக்குத் தெரியாதே. உங்களுக்குத் தெரியுமா?" என்றார்.

அவ்வளவுதான் அக்கா. மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. பாப்பாவின் விண்ணப்பத்தைத் தொடக்கூட இல்லை. நானாகத்தான் என் மேசைக்கு வந்து, "விளக்கம் பெறப்படவில்லை" என்று குறிப்பு எழுதினேன். முடித்து உள்ளே அனுப்பிய அன்று மாலை விண்ணப்பம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. அக்காவுக்கு முப்பத்து நான்கு பிள்ளைகள், எப்படியும் சமாளித்துவிடுவாள், வேன் வரும், என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்ணின் காது அன்று நினைவுக்கே வரவில்லை. வந்ததாகச் சொன்னால் அழகாக இருக்கும், ஆனால் வரவில்லை.

நீ மேசையில் வைத்த மனுவைப் பார்த்த அன்றே பதிவு எண்ணை எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். போன வாரம் இயக்குநருக்கு எழுத்து மூலம் உண்மையைக் கொடுத்துவிட்டேன். என்னைப் பதிவறைக்கு மாற்றியிருக்கிறார்கள். விசாரணை வரும். இணை இயக்குநருக்கு ஒன்றும் ஆகாது, குறிப்பில் இருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.

பாப்பாவை அந்தப் பள்ளியிலிருந்து நான் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைக்கிறேன். பிறகு எங்கள் தெரு மையத்தின் வாசல் நினைவுக்கு வருகிறது. அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

தங்கை


நவம்பர் 12

தங்கச்சி,

எழுதிவிட்டாய். படித்தேன். அதைப் பற்றி இப்போது என்னால் பேச முடியாது.

விசாரணைக்கு இருவர் வந்தார்கள். என் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டார்கள். பள்ளிக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்றார்கள். காட்டினேன். ஆலை அதைக் குத்தகைக்கு எடுத்துக் கூரை வரை துணிக்கட்டு அடுக்கியிருக்கிறது. கூரையைப் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். மையத்தைத் திறப்பது அடுத்த ஆண்டில் பரிசீலிக்கப்படும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து தலையாட்டிக்குத் தேதி வந்திருக்கிறது. டிசம்பர் பதினான்கு, கருவிக்காகக் காதின் அச்சு எடுக்க. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீடு காலி. ஆகஸ்டில் ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்களுக்காக அந்த அம்மாவை ஆலையில் வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு அவள் சொல்லவே இல்லை. வேறு ஊர் போய்விட்டாள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான். அந்தக் கணக்கு என்னுடையது.

நீ பதிவறையில் இருக்கிறாய். எல்லா மையங்களின் பதிவேடும் அங்கேதான் வரும். தனித்தாளில் அம்மா, பெண் இருவர் பெயரும் எழுதியிருக்கிறேன், ஒரு படமும் இருக்கிறது. அவளைத் தேடு.

அக்கா


ஜனவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறதென்று இந்தத் தடவை கேட்டுவிடுகிறேன். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

பதிவேடுகள் எல்லாவற்றையும் பார்த்தேன். அவள் பெயர் எதிலும் இல்லை. எந்த மையத்திலும் சேர்க்கவில்லை என்றால் அம்மா ஏதோ ஒரு தையல் ஆலையில்தான் இருப்பாள் என்று தோன்றியது. விடுப்புப் போட்டு, ஆலை உள்ள ஊர்களுக்கு ஒவ்வொன்றாகப் போய், வேலை விடும் நேரத்தில் கேட்டில் படத்தோடு நின்றேன். மூன்றாவது ஊரில் அந்த அம்மாவே வந்து படத்தைப் பார்த்து, "இது என் பொண்ணாச்சே. நீங்க யாரு?" என்றாள். அதற்குள் டிசம்பர் பதினான்கு கடந்து ஒன்பது நாளாகிவிட்டது.

டீச்சரின் தங்கை என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பள்ளியை மூடிய குறிப்பை எழுதியவள் நான்தான் என்று, எதற்காக எழுதினேன் என்பது வரை சொன்னேன். தெருவில் நின்றபடியே கேட்டாள். கையில் இருந்த சோப்புக் கட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

"உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலு."

"பேசுறாளா?"

"பேசுறா."

சோப்புக் கட்டியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "உங்களத் திட்டி எனக்கு என்ன ஆகப்போவுது? இங்க லீவு போட்டா இந்த வேலையும் போயிரும். நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கெஞ்சி வியாழக்கிழமைக்கு, அதாவது நேற்றைக்கு, தேதி வாங்கினேன். காலை ஆறு மணிக்கு அவர்கள் அறைக்குப் போய்ப் பெண்ணை வாங்கிக்கொண்டேன். புதியவள் கூட வருகிறோமே என்ற தயக்கமே இல்லை. தலையாட்டிவிட்டு வந்தாள். பேருந்தில் என் மடியில் ஏறி, கண்ணாடியில் ஆவி ஊதி, வட்டம் வட்டமாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அச்சு எடுக்கும்போது அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கருவி வர மூன்று மாதம் ஆகும். பேச்சு வருமா என்று நானும் கேட்டேன். "சத்தம் கேக்கும். வார்த்தையெல்லாம் எவ்வளவு வரும்னு சொல்ல முடியாது. தினமும் யாராவது கூட உக்காந்து பழக்கணும். பள்ளிக்கூடம் போறாளா?" என்றார் டாக்டர்.

திரும்பி வரும்போது மணி மூன்றே கால். அம்மாவுக்கு வேலை விட ஆறாகும். "உள்ள விட்டு வெளிய பூட்டிட்டு, சாவியக் கதவுக்கு அடியில தள்ளிடுங்க. என்கிட்ட இன்னொண்ணு இருக்கு" என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். காலையில் பாப்பாவைப் பள்ளியில் விட்டுவிட்டு அவள் அப்பா வெளியூர் போய்விட்டார். ஆறு மணிக்குள் பாப்பாவை நான்தான் பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், மூன்றரைப் பேருந்தை விட்டால் முடியாது. பக்கத்து அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ரொட்டியையும் தண்ணீரையும் அவளுக்கு எட்டும்படி வைத்தேன். கதவைச் சாத்தும்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. பூட்டினேன்.

சாவியைக் கதவுக்கடியில் தள்ளினேன். ஒரு கணத்தில் அது என்னிடமே திரும்பி வந்தது. நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மறுபடி தள்ளினேன், மறுபடி தள்ளினாள். மூன்று தடவை. உள்ளே அவள் சிரிப்பது கேட்டது. அக்கா, அவளுக்குச் சிரிப்புச் சத்தம் வருகிறது, நம் பிள்ளைகளுக்கு வருவதுபோலவே.

நாலாவது தடவை சாவி வந்தபோது நான் குனியவில்லை. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். சாவி வெளியே கிடந்தது. கதவுக்கடியில் இரண்டு விரல் நீட்டிக்கொண்டிருந்தது, நான் தள்ளுவேன் என்று.

தங்கை